அடியிலிருந்து பார்த்தால்

ஹெர்டிஸ் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நான்கு வருட உழைப்பு இடவலம் மாறிக் கிடக்கிறது என்பது அந்தச் சாப்பாட்டு மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. மாக்னே ஏதோ நகைச்சுவை சொன்னார். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் என்பதால் அவருடைய நகைச்சுவைக்கு எல்லோரும் சிரிப்போம், ஆனால் ஹெர்டிஸ் மட்டும் உண்மையாகவே சிரிப்பாள். வெளியே மழை. எங்கள் பெர்கன் ஊரில் மழையைச் சொல்வது மேசைக்குக் கால் இருந்தது என்று சொல்வதற்குச் சமம், விட்டுவிடுகிறேன். என் ரொட்டியை நான் பிரிக்கவே இல்லை. "ராக்னா, டயட்டா?" என்று யாரோ கேட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் பிழைப்பு ஒரு பாசியை நம்பி நடக்கிறது. ஒற்றை உயிரணு. பச்சைப் பட்டாணிக்கு இரண்டு மீசை முளைத்ததுபோல் இருக்கும். அந்த மீசைதான் கசையிழை, அதை அடித்துத்தான் அது வெளிச்சத்தை நோக்கி நீந்துகிறது. ஓர் இழையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வட்டமாக ஒன்பது இரட்டைக் குழாய்கள் நிற்கும், நடுவில் இரண்டு குழாய்கள். ஒவ்வொரு இரட்டையிலிருந்தும் பக்கத்து இரட்டையை நோக்கிக் கைகள் நீண்டிருக்கும். இழை உயிரணுவில் முளைக்கும் இடம் அடி; அந்த அடியிலிருந்து பார்த்தால் கைகள் வலஞ்சுழியாக, நுனியிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகப் போகும். அந்தக் கைதான் மோட்டார். டைனீன் என்ற புரதம். அது பக்கத்துக் குழாயைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கான கைகள் முறைவைத்து இழுப்பதில்தான் மீசை வளைந்து நீர் தள்ளுகிறது. உறையவைத்த கசையிழையை மின்னணு நுண்ணோக்கியில் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து, அந்தக் கையின் வடிவத்தைக் கட்டியெழுப்புவதுதான் ஹெர்டிஸின் வேலை.

இதே கை மனிதருக்கும் உண்டு. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிழைகளில் அது இருந்து சளியை மேலே தள்ளிக்கொண்டேயிருக்கிறது. கருவில் இதயம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வதும் இப்படிப்பட்ட இழைகள்தாம். கை இல்லாமல் போனால் சளி தங்கும், காது அடைக்கும், இதயம் தன் இஷ்டத்துக்கு இடமோ வலமோ போய் உட்காரும்.

ஹெர்டிஸின் தம்பி எய்லிஃபுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து இருமல். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் படத்தைப் பார்த்ததும் ஊழியர்கள் புரட்டி மாட்டுவார்களாம். பத்து வயதிலேயே அவன், "திருப்பாதீங்க. நீங்க நிக்கிற பக்கம் சரிதான், நான்தான் திரும்பி இருக்கேன்" என்பானாம். பத்தொன்பது வயதில் இடப்பக்க அடிவயிற்றில் வலி வந்தது. குடல்வால் இடப்பக்கம் இருக்காது என்று ஒரு டாக்டர் மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். அது உள்ளேயே வெடித்து, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தான். ஆஸ்துமா என்றார்கள், ஒவ்வாமை என்றார்கள், சிகரெட் என்றார்கள். அவன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. கடைசியில் மரபணுவைப் பார்த்தபோது டைனீன் கையை எழுதும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அறிக்கையில், பொருள் தெரியாத மாற்றம் என்று போட்டிருந்தார்கள். நோய்க்குக் காரணம் அதுதான் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

ஹெர்டிஸ் இந்தத் துறைக்கு ஏன் வந்தாள் என்பதை என்னைத் தவிர ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இரக்கப்படுவார்களாம், அது அவளுக்குப் பிடிக்காது. கிறிஸ்மஸுக்கு முன்பு அவளுடைய படம் ஒருவழியாக உருவானபோது, தம்பியின் எழுத்து எங்கே வருகிறது என்றுதான் முதலில் தேடினாள். இரண்டு மோட்டார்கள் ஒன்றையொன்று கவ்வும் மூட்டின் நட்டநடுவில் வந்தது. அந்த இடம் கெட்டால் கை நிற்காது. கண் கலங்க என் அறைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. பண்டிகைக்கு வீட்டுக்குப் போனபோது தம்பியிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள்.

அவளுடைய அம்மா குன்வோர் எய்லிஃபை வயிற்றில் சுமந்தபோது, கர்ப்பம் என்று தெரியும்வரை புகை பிடித்தவர். அதை யாரும் அவரிடம் குற்றமாகச் சொன்னதில்லை. அவர் தனக்குத்தானே முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹெர்டிஸ் விளக்கி முடித்ததும், "அப்ப நான் இல்லையா?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு எழுந்து போய், பாத்திரம் கழுவும் இடத்தில் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாராம்.

சாப்பாடு முடிந்ததும் அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். திரையில் அவள் கட்டிய படம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

"ஹெர்டிஸ், இதை நாம எந்தப் பக்கத்துலேருந்து பாக்குறோம்?"

"நுனியிலேருந்து."

"எப்படிச் சொல்றே?"

"கையெல்லாம் இடஞ்சுழியாப் போகுதே. அடியிலேருந்து பாத்தா வலஞ்சுழியா இருக்கணும். அப்ப இது நுனிப்பக்கம்தானே?"

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். இழையின் உள்ளே நீளவாக்கில் மும்மூன்றாக ஆரக்கால்கள் உண்டு. இரண்டு முழுக்கால், மூன்றாவதாக ஒரு மொட்டைக்கால். மொட்டை எப்போதும் நுனிப்பக்கம் இருக்கும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தைச் சாய்த்து, மொட்டைக்காலைத் தேடினாள். அது இரண்டு முழுக்கால்களுக்கும் அப்பால், தூரத்தில் நின்றது.

"நாம அடியில நிக்கிறோம்," என்றாள்.

"ஆமா."

"அடியில நின்னு பாத்தும் இடஞ்சுழியாப் போகுது."

"ஆமாம்மா."

கண்ணாடிப் பிம்பம். புதுக் கேமரா படத்தைப் புரட்டித் தரும், அது வந்தபோதே மென்பொருளில் ஒரு கழித்தல் குறி சேர்த்திருக்க வேண்டும். அவள் சேர்ப்பாள் என்று நானும், நான் சேர்ப்பேன் என்று அவளுமாக யாரும் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் இந்தப் படத்தைப் பார்த்தோம். இடஞ்சுழியாக இருந்ததால் நுனியிலிருந்து பார்க்கிறோம் என்று எடுத்துக்கொண்டோம். நுனியிலிருந்து பார்ப்பதால் இடஞ்சுழியாக இருப்பது சரிதான் என்றும் எடுத்துக்கொண்டோம். படித்தவர்கள் ஏமாறுவதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது. இடது கையுறைக்குள் வலது கையைத் திணித்த கதையாக, புரதத்தின் வடிவத்தை அந்த மங்கலான படத்துக்குள் திணித்திருந்தாள். ஏதோ ஒரு மாதிரி உள்ளே போயிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் படத்தைத் திருப்பிப் போட்டு, புரதத்தை மறுபடி பொருத்திப் பார்த்துவிட்டாள். என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வெளியில இருக்கு ராக்னா. தம்பியோட இடம். எதையும் தொடல. சும்மா தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்குது."

மறுநாள் கூட்டத்தில் மாக்னேயிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் வாயைப் பிளந்தார். பிறகு மேசையைத் தட்டி, "கேக்!" என்று கத்தினார். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சட்டம் அது. கணினியைப் பூட்டாமல் போனால் கேக், குளிர்பெட்டியைத் திறந்து வைத்தால் கேக், தப்பு செய்தவர் வெள்ளிக்கிழமை காபிக்குக் கொண்டுவர வேண்டும்.

"கட்டுரை இன்னும் போகலையே, அதைச் சொல்லு!" என்றார் மாக்னே. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "அச்சுல வந்திருந்தா மானம் கப்பல் ஏறியிருக்கும். இப்ப வெறும் கேக்கோட போச்சு. பெரிய தப்பு, அதனால பெரிய கேக்கா இருக்கணும், என்ன?"

"கண்ணாடி வெச்ச கேக்," என்றான் ஸ்டோலெ. எங்கள் குழுவில் வாய் அதிகம் உள்ள பையன், முனைவர் பட்டம் முடித்த பிறகும் வாய் குறையவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஹெர்டிஸும் சிரித்தாள். அவள் மடியில் இருந்த காகிதக் கைக்குட்டை துண்டு துண்டாகக் கிழிந்துகொண்டிருந்ததை, பக்கத்தில் இருந்ததால் நான் பார்த்தேன். மாக்னே மேல் கோபமாக வந்தது. அந்த மனுஷனுக்கு என்ன தெரியும், பாவம்.

"நீயும் வாயேன்," என்றாள் சாயங்காலம். எங்கே என்று கேட்காமல் மழைச்சட்டையை எடுத்தேன்.

எய்லிஃப் கார்கள் ஏறும் படகில் வேலை பார்க்கிறான். மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு கைகாட்டி, கார்களை வரிசையில் நெருக்கி நிறுத்துவது அவன் வேலை. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான்.

"ரெண்டு விஞ்ஞானிங்க சேர்ந்து வர்றீங்க! எனக்கு ஏதாவது பட்டம் கிட்டம் குடுக்கப் போறீங்களா?" சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினான். ஒரு காரிலிருந்த பெண்மணி கண்ணாடியை மேலே ஏற்றினார்.

படகு நகர்ந்ததும் மேலே வந்து எங்களோடு உட்கார்ந்தான். அங்கே சுடும் ஸ்வேலெ அப்பத்தை வெண்ணெயும் சர்க்கரையும் வைத்து மடித்துத் தந்தார்கள். ஹெர்டிஸ் தொடவில்லை.

"எய்லிஃப், நான் கிறிஸ்மஸ்ல சொன்னது தப்பு."

"எது? மீன்ல உப்பு ஜாஸ்தின்னு அம்மாவ அழ வெச்சியே, அதுவா?"

"விளையாடாதடா."

அவன் அப்பத்தைத் தட்டில் வைத்தான். ஹெர்டிஸ் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து வட்டம் போட்டு, ஒன்பது இரட்டைகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கை போட்டாள். அடியிலிருந்து பார்ப்பது, வலஞ்சுழி என்று ஓர் அம்புக்குறியும் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

"இப்படித்தான் இருக்கணும். எங்க படம் கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பியிருந்துச்சு. யாரும் கவனிக்கல."

"என்னை மாதிரி."

"ம். உன்னை மாதிரி."

"சரி, திருப்பிப் போட்டா?"

"உன் எழுத்து மூட்டுல இல்ல. வெளிப்பக்கம் போயிடுச்சு."

"அப்ப அது காரணம் இல்லையா?"

"இல்லன்னு சொல்ல முடியாது. ஆமான்னும் சொல்ல முடியாது. தெரியல."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கரை விளக்குகள் மழையில் கலைந்து தெரிந்தன.

"எத்தனையோ டாக்டருங்க இதையே சொல்லியாச்சு ஹெர்டிஸ். ஒருத்தர்கூட விடாம எல்லாரும். நீயாவது வேற சொல்லுவேன்னு பாத்தேன்."

"பாசிக்குள்ள உன் எழுத்தைப் போட்டுப் பாக்கப் போறேன். அதை முதல்லயே செஞ்சிருக்கணும். அதால நீந்த முடியலைன்னா சோதனைக் குழாயோட அடியில போய் படிஞ்சிடும். அப்ப நிச்சயமாத் தெரியும்."

"நீந்திட்டா?"

நான் சொன்னேன், "நீந்திட்டா வேற இடத்துல தேடணும் எய்லிஃப்."

தலையாட்டினான். என்னிடம் அவனுக்குக் கோபமில்லை. அக்காவிடம்தான் இருந்தது, அது குரல் தாழ்ந்ததில் தெரிந்தது.

"இங்க படகுல எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கும் ஒரு நோய் இருக்கு, அதுக்கு ஒரு இடம் இருக்கு, எங்க அக்கா கண்டுபிடிச்சான்னு. அது போகட்டும், நாலு நாள் கிண்டல் பண்ணுவானுங்க. அம்மா? 'அப்ப நான் இல்லையா'ன்னு கேட்டாங்களே. நாம குடுத்தோம்ல அதை. இப்ப நான் போய் திருப்பி வாங்கணுமா?"

"நான் சொல்றேன் அம்மாகிட்ட."

"நீ சொல்ல வேணாம்." எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டான். படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டடி போனவன் திரும்பி, "இவ்வளவு பெரிய தப்புக்கு உங்க இடத்துல என்ன தண்டனை? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றான்.

"கேக் கொண்டுபோகணும்."

"என்னது?"

"கேக். நாளைக்கு. காபிக்கு."

அவன் அவளையே வெறித்துப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு, அடக்க முடியாத சிரிப்பு, அது அப்படியே இருமலாக மாறியது. கண்ணைத் துடைத்துக்கொள்ள மேசையிலிருந்த காகிதத்தை எடுத்தான். வரைந்த காகிதம் என்று பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பும் வழியில் ஹெர்டிஸ் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு வைத்திருந்த அப்பத்தையும் சேர்த்து நானே தின்றேன்.

வெள்ளிக்கிழமை காபி நேரத்துக்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். ஹெர்டிஸ் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். மறந்துவிட்டேன் என்றாள். மறதிக்கு இன்னொரு கேக் என்று மாக்னே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மஞ்சள் கோட்டிலிருந்து நீர் சொட்ட எய்லிஃப் நின்றான். கையில் துணியால் மூடிய பெரிய தட்டு.

"கேக் சுட வராது எனக்கு," என்றான் பொதுவாக. "நான் ஹெர்டிஸோட தம்பி."

தட்டை மேசையில் வைத்துத் துணியை எடுத்தான். பச்சை ஜெல்லி. குழந்தைகளின் பிறந்தநாளுக்குச் செய்வோமே, அதேதான், ஆனால் குளம்போல் அகலமாக, கண்ணாடித் தட்டின் நடுவில் தளும்பிக்கொண்டு. உள்ளே கறுப்பு அதிமதுர மிட்டாய்கள் இரண்டிரண்டாக ஒன்பது இடத்தில் வட்டமாக நின்றன, நடுவில் இரண்டு. ஒவ்வொரு இரட்டையிலிருந்தும் வெள்ளையாக ஒரு பாதாம் சீவல் பக்கத்து இரட்டையை நோக்கி நீண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் ஆயுள் முழுக்கப் பார்த்த படம், பச்சையாக, தின்னும்படியாக, எதிரே நின்றது.

ஹெர்டிஸ் எழுந்து அவன் பக்கத்தில் போனாள். "அம்மாவோட தட்டு," என்றாள் மெதுவாக.

"அம்மாவும் நானும்தான் செஞ்சோம். பாதாம் பூரா அவங்க வெச்சது."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அந்தக் காகிதத்த எங்கிட்டேருந்து வாங்கிப் பாத்தாங்க. அப்புறம் போய் ஜெல்லி பாக்கெட் எடுத்துட்டு வந்தாங்க."

ஸ்டோலெ தட்டின் மேல் குனிந்தான். "ஐயோ! கையெல்லாம் இடஞ்சுழியாப் போகுதே! குடும்பத்துக்கே இந்த வியாதியா?" என்று சிரித்தான். சிரித்த பிறகுதான் தான் சொன்ன சொல் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. மாக்னே எய்லிஃபைப் பார்த்தார், அந்தக் கோட்டைப் பார்த்தார், ஹெர்டிஸைப் பார்த்தார். ஏதோ புரிய ஆரம்பித்த முகத்தோடு கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஹெர்டிஸ் ஜெல்லியையே பார்த்தாள்.

"காகிதத்துல இருந்த மாதிரிதான் வெச்சோம்," என்றான் எய்லிஃப். "பாத்திரத்துல ஊத்தி, உறைஞ்சதும் தட்டுல கவுத்தோம்."

அவன் தட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்தான். எக்ஸ்ரே அறையில் நின்ற பத்து வயதுப் பையனின் குரல் எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும்.

"திருப்பாதீங்க. நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு பாருங்க."

சொல்லிவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.

முதலில் தட்டுக்குக் கீழே குனிந்து மேலே பார்த்தவள் ஹெர்டிஸ். பிறகு நான். ஸ்டோலெ தரையில் உட்கார்ந்தே விட்டான். மாக்னே முட்டி வலியோடு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மடக்கினார். கண்ணாடி வழியாகக் கூரை விளக்கின் வெளிச்சம் பச்சையாக எங்கள் முகங்களில் இறங்கியது. குன்வோர் ஒவ்வொன்றாக வைத்த பாதாம் சீவல்கள் எல்லாம் வலஞ்சுழியாக, ஒன்றையொன்று பிடிக்கப் போவதுபோல் நீண்டிருந்தன.

அப்போது அவனுக்கு இருமல் வந்தது. தட்டை இறக்க நேரமில்லை. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தான், தோள் குலுங்கியது, முகம் சிவந்தது, ஆனால் தட்டை விடவில்லை. ஹெர்டிஸ் இரண்டு கையையும் தூக்கித் தட்டுக்குக் கீழே, அதைத் தொடாமல், விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்களுக்கு மேலே ஒன்பது இரட்டைகளும் அவற்றின் கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.